கிரீமி காய்கறி பாஸ்தா, இதமான காரத்தில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், வெண்ணெய், பூண்டு, மிளகாய்த் துகள், கைக்குக் கிடைத்த நாலைந்து காய்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. ஆனாலும் செய்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களோடு வருகிறார்கள்: சாஸ் இறுகிப்போகிறது, பால் திரிகிறது, காரம் ஒரு வாயில் சுள்ளென்றும் அடுத்த வாயில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கிறது. அந்தக் கேள்விகளையும், சமைத்துச் சமைத்து நான் கண்டுகொண்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மொத்தச் செய்முறையையும் முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்களேன்?

சரி. இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட, அல்லது மூன்று பேர் அளவாகச் சாப்பிட: பென்னே பாஸ்தா 200 கிராம், நறுக்கிய காய்கள் 250 கிராம், நடுத்தர அளவில் ஒரு வெங்காயம், பூண்டு 5 பல், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி, பால் 400 மி.லி., மிளகாய்த் துகள் 1 டீஸ்பூன், மிளகுத் தூள் அரை டீஸ்பூன், உலர்ந்த ஓரிகானோ அரை டீஸ்பூன், துருவிய சீஸ் 40 கிராம்.

2 லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிப்பதற்குள் காய்களை நறுக்கிவிடுங்கள். கொதி வந்ததும் 1 மேசைக்கரண்டி தூள் உப்பு, அப்புறம் பாஸ்தா. பக்கத்து அடுப்பில் அகலமான கடாயை வைத்து, கொஞ்சம் எண்ணெயில் வெங்காயத்தையும் காய்களையும் வதக்கித் தட்டில் எடுத்து வையுங்கள். அதே கடாயில் வெண்ணெய் உருகியதும் பூண்டு, மிளகாய்த் துகள், மைதா என்று வரிசையாகப் போட்டு, பாலை ஊற்றிக் கலக்கி, சின்னத் தீயில் மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடுங்கள். பாஸ்தா முழுதாக வேகும் முன்பே, அது வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொண்டு, வடித்துச் சாஸில் போடுங்கள். காய்களையும் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, சீஸ், மிளகுத் தூள், ஓரிகானோ.

அந்தக் கடைசி இரண்டு நிமிடம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

அடுப்பில் இருக்கும்போது சாஸ் நன்றாக இருக்கிறது. தட்டில் போட்டுப் பத்து நிமிடம் ஆனால் இறுகிக் கட்டியாகிவிடுகிறதே, ஏன்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக அதிகமாக வருவது. இது ஒன்று புரிந்துவிட்டால் இந்தச் சமையலே பிடிபட்டுவிடும்.

இரண்டு காரணங்கள். ஒன்று, பாஸ்தா அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். உலர்ந்த பாஸ்தா 100 கிராம் போட்டால் வெந்த பிறகு 200 கிராமுக்கு மேல் வருகிறது. கூடுகிற எடை முழுவதும் தண்ணீர். பானையில் குடித்தது போதாமல் மிச்சத்தைச் சாஸிலிருந்து குடிக்கிறது. இரண்டு, மைதாவில் உள்ள மாவுச்சத்து சூட்டில் இளகியும் ஆறும்போது இறுகியும் போகும். சீஸும் அப்படியே. ஆக, அடுப்பில் பார்க்கும்போது ‘இதுதான் சரியான பதம்’ என்று தோன்றினால் அது ஏற்கெனவே கெட்டி. பத்து நிமிடம் கழித்து அது பசைதான்.

அதனால், வேண்டியதைவிடத் தண்ணீராக இருக்கும்போதே நிறுத்துங்கள். எந்த அளவு தண்ணீர் என்று கேட்பீர்கள். பாஸ்தா சேரும் முன், கரண்டியைச் சாஸில் முக்கி எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு அப்படியே அசையாமல் நின்றால் சாஸ் கெட்டி. கொஞ்சம் பால் விடுங்கள். உடனே மூடிக்கொண்டால் இன்னும் கொதிக்க வேண்டும். கோடு நின்று, மேல் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு மெதுவாக அதற்குள் இறங்கினால் அதுதான் பதம். பாஸ்தாவும் காய்களும் சேர்ந்த பிறகு இன்னொரு சோதனை: கடாயை ஒரு பக்கமாகச் சாய்த்தால், பாஸ்தாவுக்கு அடியிலிருந்து சாஸ் பிரிந்து ஓரத்தில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்க வேண்டும். தேங்கவில்லையென்றால் எடுத்து வைத்த தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். தட்டுக்கு வந்து, நீங்கள் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும் நேரத்தில் அந்தக் குட்டை காணாமல் போயிருக்கும். சாஸ் பாஸ்தாவின் மேல் வழவழவென்று ஒட்டியிருக்கும்.

ஒருமுறை பன்னிரண்டு பேருக்குச் செய்தேன். அவர்கள் வந்து சேர நேரமாகும் என்று தெரிந்தும், எல்லாவற்றையும் முன்கூட்டியே கலந்து மூடி வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்கு இறுகியிருந்தது. கிளறக் கிளறப் பாஸ்தா உடைந்ததே தவிர இளகவில்லை. அன்றிலிருந்து, சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் பாஸ்தாவையும் சாஸையும் சேர்ப்பது.

பாஸ்தா வெந்த தண்ணீருக்குப் பதில் சாதாரணத் தண்ணீர் விட்டால் என்ன?

இளகும், ஆனால் சாஸ் நீர்த்துவிடும். பாஸ்தா வெந்த தண்ணீர் கலங்கலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாஸ்தாவிலிருந்து கரைந்த மாவுச்சத்து அது. வெண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. உப்பும் அதில் அளவாக இருக்கிறது. வடிகட்டியை எடுக்கும் முன்பே ஒரு கப்பை அதன் பக்கத்தில் வைத்துவிடுவது என் வழக்கம். கப் கண்ணில் பட்டால்தான் ஞாபகம் வருகிறது. மறந்து வடித்துவிட்டால், சூடான பால் அடுத்த சிறந்த வழி.

எந்த வடிவப் பாஸ்தா வாங்குவது? பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தச் சாஸுக்குப் பென்னே அல்லது ஃபுசில்லி. பென்னே என்றால் இத்தாலிய மொழியில் இறகுப் பேனா. நுனி சாய்வாகச் சீவியிருப்பதால் அந்தப் பெயர். உள்ளே குழல், வெளியே வரிவரியாகப் பள்ளம். சாஸ் இரண்டிலும் தங்கும். ‘ரிகாட்டே’ என்று எழுதியிருந்தால் வரி போட்டது என்று பொருள், அதையே எடுங்கள். ஃபுசில்லியின் திருகுக்குள் பட்டாணி, சோளமணி போன்றவை அழகாகச் சிக்கிக்கொள்ளும். ஸ்பாகெட்டியில் செய்யலாம், ஆனால் காய்கள் எல்லாம் தட்டின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மெல்லிய நூல் பாஸ்தா வேண்டவே வேண்டாம், இந்தச் சாஸின் கனத்தில் ஒன்றாகச் சேர்ந்து உருண்டுவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கம் ‘டுரம் கோதுமை ரவை’ என்று இருக்கிறதா பாருங்கள். டுரம் என்பது கெட்டியான, புரதம் அதிகமுள்ள கோதுமை வகை. கொதிநீரில் குழையாமல் தாக்குப் பிடிப்பது அதுதான். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டுரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மைதாவில் செய்த பாஸ்தா பார்க்க வெளுப்பாக இருக்கும். ஒரு நிமிடம் அசந்தால் குழைந்துவிடும். பாக்கெட்டுக்குள் தெரிகிற பாஸ்தாவின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளக்காமல், மாவு பூசியது போல் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் நல்லது. வெண்கல அச்சில் பிழிந்தது அப்படித்தான் இருக்கும். சாஸ் அதில் நன்றாக ஒட்டும்.

எவ்வளவு நேரம் வேக வைப்பது? நடுப்பதம் எப்படித் தெரிந்துகொள்வது?

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்திலிருந்து இரண்டு நிமிடம் குறையுங்கள். 11 நிமிடம் என்றால் 9-ல் வடித்துவிடுங்கள். அந்த மிச்ச இரண்டு நிமிடத்தைப் பாஸ்தா சாஸுக்குள் வேகட்டும்; தண்ணீருக்குப் பதில் பாலையும் பூண்டையும் குடித்து வேகும். வெறும் தண்ணீரில் முழுதாக வெந்த பாஸ்தாவின் மேல் சாஸை ஊற்றினால், சாஸ் மேலே ஒரு சுவை, பாஸ்தா உள்ளே வேறு சுவை என்று தனித்தனியாக இருக்கும்.

ஒன்றை எடுத்துக் கடித்து, கடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அது தண்ணீர் இன்னும் போய்ச் சேராத இடம். வளையம் தடிமனாக இருந்தால் பொறுங்கள். ஊசிமுனை அளவுக்கு மெலிந்திருந்தால் வடிக்கும் நேரம். சாஸில் இரண்டு நிமிடம் கிளறியதும் அதுவும் மறைந்து, கடிக்கும்போது பல்லுக்கு லேசான எதிர்ப்பு மட்டும் இருக்கும். இத்தாலியர்கள் அல் டென்டே என்பது இதைத்தான். நேரடிப் பொருளே ‘பல்லுக்கு’ என்பது.

வேக வைக்கும் தண்ணீரில் எண்ணெய் விட வேண்டுமா? வடித்ததும் குளிர்ந்த நீரில் அலச வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும்; வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து, சாஸை ஒட்ட விடாமல் வழுக்கிவிடும். பாஸ்தா ஒட்டாமலிருக்க, போட்ட முதல் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறிவிட்டால் போதும். அலசினால் மேலே இருக்கும் மாவுச்சத்து போய்விடும். குளிர்ந்த பாஸ்தா சாலட் செய்யும்போது மட்டும் அலசலாம்.

காரம் எப்போதும் சரியாக அமைவதில்லை. ‘இதமான காரம்’ என்பதை எப்படிக் கொண்டுவருவது?

எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைவிட எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிளகாய்த் துகளை உருகிய வெண்ணெயில் பத்து விநாடி போட்டு எடுத்தால், காரமும் நிறமும் வெண்ணெய்க்குள் இறங்கி, பின்னால் சேரும் பால் முழுவதும் சீராகப் பரவுகிறது. சாஸ் வெளிர் செம்பொன் நிறத்துக்கு வரும். காரம் நாக்கில் குத்தாமல் தொண்டையில் மெதுவாகத் தெரியும். அதே ஒரு டீஸ்பூனைக் கடைசியில் மேலே தூவினால், கடிபடும் இடத்தில் சுள்ளென்று, மற்ற இடத்தில் சப்பென்று.

பத்து விநாடி என்று சொல்வதைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் பூண்டு முதலில், முப்பது விநாடி. பச்சை வாசனை போய் ஓரம் நிறம் மாறத் தொடங்கும் முன், மிளகாய்த் துகள். அது சடசடவென்று பொரிந்து கறுக்கத் தொடங்கினால் கமறலும் கசப்பும் வந்துவிடும். பூண்டு கருகினால் அந்தக் கசப்பை எந்தப் பாலும் மறைக்காது. அப்படி ஆகிவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிட்டு, கடாயைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். போனது இரண்டு கரண்டி வெண்ணெய்தான்.

மிளகுத் தூளை நேர்மாறாக, அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். அதன் மணம் கொதியில் ஆவியாகிப் போய்விடும். அப்போது இடித்த மிளகாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உலர்ந்த ஓரிகானோவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவுங்கள். இன்னொன்று, ஜாதிக்காய். துருவலில் இரண்டு இழுப்பு, அவ்வளவே. பால் சாஸுக்கும் ஜாதிக்காய்க்கும் அப்படி ஒரு பொருத்தம்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாது, எங்களுக்குக் காரம் வேண்டும். இரண்டு முறை செய்ய வேண்டுமா?

வேண்டாம். சாஸில் மிளகாயே போடாமல் மொத்தமும் செய்துவிடுங்கள். குழந்தைகளுக்குத் தட்டில் போட்டு எடுத்த பிறகு, ஒரு சின்னக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் காய்ச்சி, மிளகாய்த் துகளைப் பத்து விநாடி பொரித்து, மிச்சப் பாஸ்தாவின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். காரம் கொழுப்பில்தானே வருகிறது, அதனால் இந்த வழியில் எதுவும் குறையாது. குழந்தைகளுக்கு நிறம் மட்டும் வேண்டுமென்றால் காரமில்லாத பாப்ரிகாத் தூள் கால் டீஸ்பூன் போதும்.

காரம் தூக்கலாகிவிட்டது. என்ன செய்வது?

தண்ணீர் விடாதீர்கள், பயனில்லை. பால், கிரீம், சீஸ் மூன்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டுங்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு உறைப்பைக் குறைக்கும். உப்பு தூக்கலானாலும் இதே வைத்தியம், ஆனால் சீஸ் மட்டும் கூடாது. அதிலேயே உப்பு உண்டு.

ஒயிட் சாஸ் கட்டி தட்டாமல் எப்படி எடுப்பது?

வெண்ணெயில் மைதாவைப் போட்டதும் ஒரு நிமிடம் நிதானமாக வறுங்கள். நுரை நுரையாகப் பொங்கி, பிஸ்கட் சுடுவது போல் ஒரு வாசனை வரும். அதுவரை வறுத்தால்தான் பச்சை மாவு வாடை போகும். வறுக்கும்போது மாவின் ஒவ்வொரு துகள் மேலும் வெண்ணெய் பூசிக்கொள்கிறது. அதனால்தான் பாலில் விழும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நிறம் மாற விடாதீர்கள்.

இப்போது கடாயை அடுப்பிலிருந்து ஒரு நொடி தள்ளி வைத்து, பாலில் கால் பங்கை மட்டும் ஊற்றி விஸ்க்கால் வேகமாக அடியுங்கள். சட்டென்று களி மாதிரி இறுகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இறுக வேண்டும். அந்தக் களியை வழவழப்பாக்கிய பிறகு அடுத்த கால் பங்கு, அப்புறம் மிச்சம். முழுப் பாலையும் ஒரே வீச்சில் கொட்டுகிறவர்களுக்குத்தான் கட்டி வருகிறது. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே மூன்று நான்கு நிமிடம். கெட்டியாகிவிட்டதே என்று உடனே நிறுத்தினால் நாக்கில் மாவு ருசி தங்கும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டி வந்துவிட்டால், பாஸ்தா சேரும் முன் ஒரு சல்லடையில் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். பூண்டும் மிளகாயும் சல்லடையில் தங்கினால் வழித்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மைதா வேண்டாம் என்றால்?

கோதுமை மாவு அதே அளவில் வேலை செய்யும். நிறம் மங்கும், நாக்கில் லேசான நறநறப்பு இருக்கும், மோசமில்லை. சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) என்றால் பாதி அளவு போதும்: முக்கால் மேசைக்கரண்டி. ஆனால் அதை வெண்ணெயில் வறுக்காதீர்கள். ஆறிய பாலில் கால் கப் எடுத்துக் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளறுங்கள். பளபளப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். குளூட்டன் (கோதுமையில் உள்ள ஒரு புரதம்) ஆகாதவர்கள் சோளமாவும் அரிசிப் பாஸ்தாவும் சேர்த்துச் செய்யலாம். அரிசிப் பாஸ்தா சீக்கிரம் உடையும் என்பதால் கிளறுவதில் மென்மை வேண்டும்.

பால் பொருள்களே இல்லாமல் முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த வகைகளில் அதுவும் ஒன்று. 25 முந்திரிப் பருப்பைக் கொதிநீரில் இருபது நிமிடம் ஊற வைத்து, 300 மி.லி. தண்ணீர் விட்டு விழுதாக அரையுங்கள். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய். பூண்டு, மிளகாய்த் துகள் அதில் பொரிந்ததும் முந்திரிப் பாலை ஊற்றினால், கொதி வந்ததுமே தானாகக் கெட்டியாகும், மாவு தேவையில்லை. முந்திரிக்கு இனிப்பு உண்டு என்பதால் கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். இது பால் சாஸைவிட வேகமாக இறுகும். பாஸ்தா வெந்த தண்ணீரைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்தக் காய்கள் சேரும்? எப்படி நறுக்குவது?

கேரட், பீன்ஸ், பட்டாணி, ஸ்வீட் கார்ன், குடைமிளகாய், ப்ரோக்கோலி, காளான், பேபி கார்ன், சுக்கினி, பசலைக் கீரை எல்லாம் சேரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதீர்கள். நான் மூன்று அல்லது நான்கோடு நிறுத்திவிடுவேன்: இனிப்புக்கு ஒன்று, கடிபட ஒன்று, பச்சை நிறத்துக்கு ஒன்று. கேரட், குடைமிளகாய், பட்டாணி என்பது எப்போதும் கைவிடாத கூட்டணி. பீட்ரூட் மட்டும் வேண்டாம், மொத்தத்தையும் தன் நிறமாக்கிவிடும்.

பென்னே என்றால் காய்களையும் பென்னேயின் பாதி நீளத்துக்கு விரல் விரலாக நறுக்குங்கள். முள்கரண்டியில் பாஸ்தாவும் காயும் சேர்ந்து வரும். பொடிப்பொடியாக நறுக்கினால் சாஸில் தொலைந்துவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு வழி: கேரட், பீன்ஸ், ப்ரோக்கோலி போன்ற கெட்டிக் காய்களை வதக்கிக்கொண்டு நிற்காமல், பாஸ்தா கொதிக்கும் பானையிலேயே கடைசி மூன்று நிமிடம் போட்டுவிடுங்கள். உறைந்த பட்டாணி என்றால் கடைசி ஒரு நிமிடம். பாஸ்தாவோடு சேர்ந்தே வடிந்துவிடும், பச்சை நிறமும் பளிச்சென்று இருக்கும். குடைமிளகாயை மட்டும் கடாயில் பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்குங்கள். ஓரம் லேசாகக் கரிந்த அந்த மணம் சாஸுக்கு வேண்டும். பசலைக் கீரைக்கு அடுப்பே தேவையில்லை. அணைத்த பிறகு சேர்த்துக் கிளறினால் அந்தச் சூட்டிலேயே சுருண்டுவிடும்.

காளான் போட்டால் சாஸ் நீர்த்து, சாம்பல் நிறமாகிவிடுகிறது.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைச் சாஸுக்கு வெளியிலேயே விரட்டிவிட வேண்டும். அகலமான கடாய், பெரிய தீ, கொஞ்சம் எண்ணெய், காளான் ஒரே அடுக்காக. உப்பு போடாமல், முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். தண்ணீர் விட்டு, அது சுண்டி, பிறகு ‘சர்’ரென்று வறுபடும் சத்தம் கேட்கும். ஓரம் பொன்னிறமானதும் உப்பு போட்டு எடுத்து வைத்து, கடைசியில் சேருங்கள்.

தக்காளி சேர்த்து இளஞ்சிவப்புச் சாஸ் செய்யும்போது பால் திரிந்துபோகிறது. ஏன்?

தக்காளியின் புளிப்பு. பாலின் கேசின் புரதம் புளிப்பு பட்டால் திரளும், சூடு அதை இன்னும் வேகப்படுத்தும். கொதிக்கிற தக்காளியில் வெறும் பாலை ஊற்றினால் திரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தக்காளி விழுதை எண்ணெய் பிரியும்வரை நன்றாகச் சுண்ட வதக்கி, ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டு, தீயைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். மைதா போட்டுக் காய்ச்சிய ஒயிட் சாஸைத் தனியாக வைத்துக்கொண்டு, அதைத் தக்காளியில் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். மாவுச்சத்து இருப்பதால் புரதம் அவ்வளவு எளிதில் திரளாது. சேர்ந்த பிறகு கொதிக்க விடாதீர்கள், சூடேறினால் போதும். கிரீம் ஊற்றுவதானாலும் கொழுப்பு அதிகமுள்ளதாகப் பாருங்கள்: 35 சதவீதக் கொழுப்புள்ளது தக்காளியின் புளிப்பைத் தாங்கும். 20, 25 சதவீதத்தில் வருவதை அடுப்பை அணைத்த பிறகே ஊற்றுங்கள்.

திரிந்துவிட்டதா? கெட்டுப்போகவில்லை, ருசியில் குறையில்லை, பார்க்கத்தான் மணல் மணலாக இருக்கும். மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சீஸ் கட்டாயமா? எது போடுவது? நூல் நூலாக இழுக்காமல் இருக்க?

கட்டாயமில்லை, ஆனால் 40 கிராம் சேர்த்தால் சாஸுக்கு ஒரு ஆழம் வரும். அடுப்பை அணைத்து அரை நிமிடம் கழித்து, பொடியாகத் துருவியதைப் பிடி பிடியாகப் போட்டுக் கிளறுங்கள். கொதிக்கும் சாஸில் போட்டால் புரதம் சுருண்டு, கொழுப்பு வெளியேறி, உருண்டையாகும். பதப்படுத்திய சீஸில் உருக்கத்துக்காகவே சேர்க்கும் உப்புகள் இருப்பதால் அது தவறாமல் வழவழப்பாகக் கரையும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அதுவே பாதுகாப்பானது. செடார் சுவையில் மேல். மொஸரெல்லா மட்டும் என்றால் நூலாக இழுக்கும், சாஸோடு கலக்காது.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறைய வைக்கிறார்கள். லேபிளில் தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று போட்டிருக்கும் வேறு கெட்டிச் சீஸ்கள் கிடைக்கின்றன.

ஒரே பாத்திரத்தில் முடிக்க வழி உண்டா?

உண்டு. அகலமான கடாயில் வெண்ணெய், பூண்டு, மிளகாய்த் துகள், கெட்டிக் காய்கள் வதங்கியதும் 200 கிராம் பாஸ்தா, 450 மி.லி. தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு. மூடி போட்டு ஏழு நிமிடம், நடுவில் மூன்று நான்கு முறை கிளறல். பிறகு 250 மி.லி. பால் ஊற்றி, மூடாமல், பாஸ்தா வேகும்வரை. மாவுச்சத்து எதுவும் வடிந்து போகாததால் மைதா தேவையே இல்லை. பாலை முதலிலேயே ஊற்றினால் பொங்கும், அடிபிடிக்கும். இந்த வழியில் பாஸ்தா கொஞ்சம் மெத்தென்று இருக்கும். எனக்கு வடிக்கும் முறைதான் பிடிக்கும். ஆனால் அசதியான இரவுகளில் பாத்திரம் ஒன்றுதான் என்பது பெரிய ஆறுதல்.

பத்துப் பேருக்குச் செய்வதென்றால்?

சாஸையும் காய்களையும் முன்பே செய்து வையுங்கள். பாஸ்தாவைப் பாக்கெட் நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்பே வடித்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். எண்ணெய் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. பரிமாறும் நேரத்தில் சாஸைச் சூடாக்கி, ஒரு கப் பால் விட்டு இளக்கி, பாஸ்தாவைக் கொட்டி மூன்று நிமிடம். 1 கிலோ பாஸ்தாவை ஒரே கடாயில் கிளறினால் உடையும், இரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

மீந்ததை வைத்துச் சாப்பிடலாமா?

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் வரை நன்றாக இருக்கும். இரவு முழுக்க வெளியில் இருந்ததைச் சூடுபடுத்திச் சாப்பிடாதீர்கள். மாவுப் பண்டங்களில் வளரும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சுகளில் ஒன்று சூட்டுக்கு அழியாது.

சூடுபடுத்த, ஒரு ஆளுக்கு மூன்று மேசைக்கரண்டி பால் ஊற்றி, மூடி, சின்னத் தீயில் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் கிளறவே கூடாது. குளிரில் இறுகிய பாஸ்தா அப்போது எளிதில் உடையும். ஆவி ஏறித் தானாகப் பிரிந்ததும் அடியிலிருந்து புரட்டிவிடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், சாஸ் பிரிந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

சாஸ் மட்டும் மீந்தால்?

ஆறுவதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாஸின் மேற்பரப்பைத் தொட்டபடி ஒட்டிவிட்டு மூடுங்கள், ஆடை படியாது. மூன்று நாளுக்குள், வெந்த காலிஃபிளவர் மேல் ஊற்றி, சீஸ் தூவி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் எடுத்துவிடலாம்.